இயற்பியல் படித்தவருக்கு மருத்துவமனையில் என்ன வேலை?

'பிசிக்ஸ் எடுத்தால் வாத்தியார் வேலைதான். இல்லைன்னா பிஹெச்.டி வரைக்கும் போகணும்!' - அட்மிஷன் சமயத்தில் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. புற்றுநோய் மருத்துவமனையின் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் இருக்கும் 'மெடிக்கல் பிசிசிஸ்ட்' பற்றித் தெரிந்தால், இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

நோயாளிக்கு எவ்வளவு கதிர்வீச்சு தேவை என்று முடிவு செய்பவர் டாக்டர். அந்த அளவு கட்டிக்குச் சரியாகப் போய்ச் சேரவும், பக்கத்திலிருக்கும் நுரையீரலும் தண்டுவடமும் முடிந்தவரை பாதிக்கப்படாமல் இருக்கவும், கதிர் எந்தக் கோணத்தில் பாய வேண்டும் என்று கணக்குப் போடுபவர் இவர். அளவு கூடினால் நல்ல திசு கெடும்; குறைந்தால் கட்டி பிழைத்துக்கொள்ளும். எனவே, கருவி சொன்ன அளவைத்தான் தருகிறதா என்று அடிக்கடி சோதிப்பதும் இவரே.

இந்த வேலைக்கு பிஹெச்.டி கட்டாயமில்லை. இரண்டு வழிகள் உண்டு.

* பி.எஸ்சி இயற்பியல் முடித்து, சென்னை அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் எம்.எஸ்சி மெடிக்கல் பிசிக்ஸ் படிக்கலாம்.

* எம்.எஸ்சி இயற்பியல் முடித்து, மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஓராண்டு கதிரியல் இயற்பியல் டிப்ளமோவில் சேரலாம்.

படித்த பிறகு, கதிர்வீச்சு சிகிச்சை மையம் ஒன்றில் ஓராண்டு இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. கல்லூரி விளம்பரத்தைப் பார்த்ததும் ஃபீஸ் கட்டிவிடாதீர்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அந்தப் படிப்பை ஏற்றிருக்கிறதா, இன்டர்ன்ஷிப்புக்கு இடம் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். வாரியம் ஏற்காத படிப்பு என்றால், கையில் பட்டம் இருந்தும் அந்த அறைக்குள் வேலை கிடைக்காது.