வளையாத டிஸ்க்

2009-இல் வாங்கிய வேகன்ஆரை, பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி.யையும் புதுப்பித்து, இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் திருச்சி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். எண்பதில் போகும்போது பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடுகிறதாம். "டிஸ்க் வளைஞ்சிருச்சு சார், பேடோட சேர்த்து ரெண்டு பக்கமும் மாத்திரலாம்" என்கிறார் மெக்கானிக். போன தடவை மாற்றி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வளையாத டிஸ்க் எந்தக் கம்பெனியில் கிடைக்கும் என்று கேட்கிறார்.

அவர் வண்டியில் இப்போது இருக்கும் டிஸ்க்கே வளையாததாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

பேட் வந்து டிஸ்க்கைக் கவ்வி வண்டியை நிறுத்துகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கவ்வலுக்குள் நடப்பதுதான் பலருக்குத் தெரியாது. நன்றாகப் பழகிய பிரேக்கில் பேட் வெறும் இரும்பை உரசுவது குறைவு. பேடிலிருந்து கழன்ற பொருள், டிஸ்க்கின் முகம் முழுக்க மிக மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு பேட் உரசுவது பெரும்பாலும் தன் சொந்தப் பொருளின் மேல்தான். இரண்டு பக்கமும் ஒரே சரக்கு. ஒன்றோடொன்று ஒட்டுவதும் அறுவதுமாக, வண்டியின் வேகம் சூடாக மாறி வெளியேறுகிறது. கடையில் நாம் காசு கொடுத்து வாங்குவது டிஸ்க்கும் பேடும்தான். ஆனால் பிரேக்கை நடத்துவது எந்தப் பெட்டியிலும் விற்காத இந்த மூன்றாவது பாகம்.

படலம் சீராக இருக்கும்வரை பிரேக் பட்டுப்போல் பிடிக்கும். ஓரிடத்தில் தடித்து, இன்னோரிடத்தில் இல்லாமல் போனால்தான் வம்பு. டிஸ்க்கின் தடிமனில் 0.02 மில்லிமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, ஏற்ற இறக்கம் இருந்தாலே பல வண்டிகளில் கைக்கும் காலுக்கும் ஆட்டம் தெரிந்துவிடும். தடித்த இடம் பேடுக்குள் வரும்போதெல்லாம் பிடி கூடுகிறது, கடந்ததும் குறைகிறது. சக்கரம் சுற்றும் வேகத்தில் இது நடக்க, ஸ்டியரிங் நடுங்குகிறது. உட்கார்ந்திருப்பவருக்கு அது வளைந்த தட்டு சுழல்வது போலத்தான் படும். கரோல் ஸ்மித் என்ற அமெரிக்கப் பந்தயக் கார் பொறியாளர் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். 'வளைந்த டிஸ்க்' என்று தன்னிடம் வந்தவற்றை ஆராய்ந்தபோதெல்லாம், பேடின் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்ததைத்தான் கண்டதாக அதில் அடித்துச் சொன்னார்.

தடிமன் இப்படி மாற இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, கால். நெடுஞ்சாலையில் வேகமாக வந்து டோல்கேட்டில் அழுத்திப் பிடித்து நிறுத்திவிட்டு, காலை எடுக்காமல் அப்படியே மிதித்துக்கொண்டிருப்பது. கொதிக்கும் டிஸ்க்கில் பேட் கவ்வியிருக்கும் இடத்தில் அதன் அச்சு பதிந்துவிடுகிறது. அடுத்தடுத்த பிரேக்கில் அந்த இடம் மற்ற இடங்களைவிட அதிகம் சூடேறும். 650, 700 டிகிரியைத் தாண்டினால் அங்கே வார்ப்பிரும்பின் உள்ளமைப்பே மாறி, சிமென்டைட் என்ற கடினமான இரும்புக் கார்பைடு உண்டாகிறது. லேத்தில் மேலாக ஒரு சீவு சீவினால் மறைந்தது போல இருக்கும். அடியில் தங்கிய கடினத் திட்டு மற்ற இடங்களைப்போலத் தேயாது. கொஞ்ச நாளில் மேடாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது வழி துரு. வாசகரின் வண்டிக்கு இதுதான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது. வேகன்ஆர், ஆல்டோ போன்ற மாருதிகளில் டிஸ்க் ஹப்பின் மேல் ஒரு தொப்பியைப்போல உட்கார்ந்திருக்கும். சில வருஷம் ஓடிய வண்டியில் துருப்பிடித்து ஹப்போடு ஒன்றிப்போயிருக்கும். கையால் இழுத்தால் வராது. அதற்கென்றே டிஸ்க்கில் இரண்டு மரை ஓட்டைகள் விட்டிருப்பார்கள். எட்டு மில்லிமீட்டர் போல்ட் இரண்டை மாறிமாறித் திருகினால் டிஸ்க் டக்கென்று விட்டுக்கொடுக்கும். அப்போது ஹப்பின் முகத்தைப் பார்க்க வேண்டும். செம்பழுப்பாகத் துருச் செதில்கள் அடையடையாக எழும்பி நிற்கும். அவசரத்தில் அதன் மேலேயே புது டிஸ்க்கைப் போட்டு நட்டை முடுக்கிவிடுகிறார்கள். ஒரு செதில் அடியில் சிக்கினாலும் டிஸ்க்கின் விளிம்பு பக்கவாட்டில் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளாடக்கூடும். பெரும்பாலான கார்களுக்குத் தயாரிப்பாளர் அனுமதிப்பதே அவ்வளவுதான்.

மாற்றிய அன்று எந்த ஆட்டமும் தெரியாது. வண்டியை எடுத்துப் பார்ப்பவர் திருப்தியோடு காசு கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் 13 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 600 தடவை சுற்றுகிறது. பிரேக்கைத் தொடாமல் ஓடும்போதும் ஒவ்வொரு சுற்றிலும் தள்ளாடும் விளிம்பு பேடை ஒருமுறை உரசிவிட்டுப் போகும். மூவாயிரம் கிலோமீட்டரில் 18 லட்சம் உரசல்கள். அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிந்து, ஆட்டம் அப்போதுதான் தொடங்கும். பழி 'லோக்கல் டிஸ்க்' மேல் விழும். மறுபடி புது டிஸ்க் வாங்கி, அதே துருவின் மேல் போடுவார்கள்.

கம்பி பிரஷ்ஷால் ஹப்பைப் பளிச்சென்று தேய்த்து, டிஸ்க்கைப் பொருத்தி, நட்டுகளைக் குறுக்காகச் சம முறுக்கில் இறுக்கி, டயல் கேஜ் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க அரை மணி நேரம் போதும். இந்த அரை மணி நேரத்துக்குக் கூலி கேட்கிற மெக்கானிக்குக் கேட்டதைக் கொடுக்கலாம்.

பிறகுதான் வாங்குகிற பேச்சு. டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டுமா என்பதை அதன் தடிமன் சொல்லும். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே விளிம்பிலோ தொப்பியிலோ பொறித்திருப்பார்கள். சிறு கார்களில் புதிதாக இருந்ததைவிட 2 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்தால் அதன் ஆயுள் முடிந்தது. அளக்க மைக்ரோமீட்டர் வேண்டும். வெர்னியர் வைத்தால் தேயாமல் நிற்கும் விளிம்பு மேட்டில் தாடை உட்கார்ந்து, தடிமனைக் கூட்டிக் காட்டிவிடும். தடிமனில் இடம் இருந்தால் லேத்தில் சீவிக்கொள்ளலாம், தவறில்லை. எல்லையை ஒட்டி நிற்கும் டிஸ்க்கைச் சீவுவது மட்டும் கூடாது.

ஏனென்றால் சூட்டைத் தாங்குவது அந்த இரும்பின் எடைதான். ஆட்களோடு ஆயிரம் கிலோ வரும் வண்டி நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் 386 கிலோஜூல் சூடு பிறக்கிறது. அதில் ஏறக்குறைய 70 சதவீதம் முன் சக்கரங்களுக்குப் போகும். டிஸ்க் ஒன்று நான்கு கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரே நிறுத்தத்தில் அதன் சூடு எழுபது டிகிரிக்கு மேல் ஏறிவிடும். உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 1,900 மீட்டர் இறக்கம். அந்த உயரத்தில் அடங்கியிருக்கும் ஆற்றல், அதே வண்டியை நூறிலிருந்து 48 தடவை நிறுத்துவதற்குச் சமம். இரண்டாவது கியரில் இறங்கினால் இதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கி பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர் அத்தனையையும் பிரேக்குகளின் தலையில் கட்டுகிறார். மலைப்பாதையில் ஓட்டுபவர் தேய்ந்த டிஸ்க்கோடு ஒரு நாளும் சமாதானம் ஆகக் கூடாது.

பார்க்க அழகாக இருக்கிறது என்று துளைபோட்ட டிஸ்க்கைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிறு காருக்கு அது வேண்டாம். துளை போட்ட இடத்தில் இரும்பின் எடை போய்விடுகிறது. விரிசல் தொடங்குவதும் துளையின் ஓரத்தில்தான்.

பேட் விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, 1964-இல் பிறந்த ராணே பிரேக் லைனிங், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று நாட்டின் பெரிய பிரேக் தொழிற்சாலைகள் சில சென்னையைச் சுற்றியே இருக்கின்றன. அப்படியிருந்தும் இருநூறு ரூபாய் குறைகிறது என்று டூப்ளிகேட் பேட் வாங்குவது வேதனை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடையானாலும் ஊர்ப்பக்கக் கடையானாலும், பெட்டியைப் பிரித்து பேடைக் கையில் வாங்கி விளிம்பைப் பார்க்க வேண்டும். பல பேடுகளின் விளிம்பில் நீண்ட எண்ணுக்கு நடுவிலோ கடைசியிலோ இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் பேடின் உராய்வு எவ்வளவு என்பதையும், இரண்டாவது கடும் சூட்டில் எவ்வளவு என்பதையும் குறிக்கும். 'இ' என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55. 'எஃப் எஃப்' என்று இருந்தால் சூடானாலும் பிடி அதே வரம்பில் நிற்கும் என்று பொருள். 'எஃப் இ' சூட்டில் கொஞ்சம் தளரும். இது தரச்சான்று அல்ல, உராய்வைப் பற்றிய தகவல் மட்டுமே. அதையும் போடாத பேட், பிரேக்குக்குள் போக வேண்டிய பொருள் அல்ல.

ஐரோப்பாவில் விற்கும் மாற்று பேடுகள், வண்டியோடு வந்த அசல் பேடின் செயல்திறனிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதிகமாகப் பிடித்தாலும் தப்பு. முன் சக்கரம் மட்டும் கடுமையாகப் பிடித்தால் பின்னால் இருக்கும் டிரம்மோடு உள்ள கணக்கு கெட்டுவிடும். ஆகவே பழைய சிறு காருக்கு அசலில் என்ன வகை இருந்ததோ அதே வகை பேடே நல்லது. உலோகத் துகள் அதிகம் கலந்த செமி-மெட்டாலிக் பேட் சூட்டைத் தாங்கும். டிஸ்க்கையும் வேகமாகத் தின்னும். வகையை மாற்றுவதானால் பழைய படலத்தை டிஸ்க்கிலிருந்து தேய்த்து எடுத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். ஒரு பேடின் படலத்தின் மேல் இன்னொரு சரக்கு ஒழுங்காக ஒட்டாது.

புது ஜோடியைப் பழக்குவது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். புதிதாக வாங்கிய இரும்புத் தோசைக்கல்லில் முதல் நாளே தோசை வார்த்தால் பிய்ந்து வரும். எண்ணெய் தடவிக் காய்ச்சிக் காய்ச்சி ஒரு படலம் ஏறினால்தான் கல் நம் வசப்படும். டிஸ்க்கும் அப்படித்தான். முதலில் அதன் மேல் பூசியிருக்கும் துருக்காப்பு எண்ணெயைக் கழுவ வேண்டும். பிறகு காலியான சாலையில் அறுபதிலிருந்து பதினைந்து, இருபது வரை மிதமாக மிதித்து வேகத்தைக் குறைப்பது. முழுக்க நிறுத்தாமல் மறுபடி அறுபதுக்குப் போவது. எட்டு, பத்து தடவை இப்படிச் செய்துவிட்டு, பிரேக்கை அதிகம் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட்டால் படலம் ஒரே சீராக ஏறியிருக்கும். முக்கால்வாசி ஒர்க்‌ஷாப்களில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

பிரேக் ஆயிலைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட்-3 வகை புதிதில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140-லேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ், மிதித்த பெடல் தரைவரை போகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். காலிப்பர் வழுக்கி நகரும் பின்களுக்கும் அதற்கான கிரீஸ் தடவ வேண்டும். பின் இறுகிப்போனால் ஒரு பக்கத்துப் பேட் மட்டும் தேய்ந்து, புது செட் பாதி ஆயுளில் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. டிஸ்க்கைக் கழற்றியதும் பட்டறைப் பையன் ஏர் கன்னை எடுத்து பிரேக் தூசியை ஊதுகிறான். கரும்புகைபோல எழும்பி, அவன் மூக்கருகிலேயே சுற்றுகிறது. இந்தியாவில் கல்நார் இன்னும் முழுமையாகத் தடை செய்யப்படவில்லை. பெரிய கம்பெனிகள் கல்நார் இல்லாத பேடுக்கு மாறிவிட்டாலும், பேர் தெரியாத மலிவுப் பேடிலும் பழைய பிரேக் ஷூவிலும் என்ன இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கல்நார் இல்லாவிட்டாலும் அந்த நுண்தூசி நுரையீரலுக்குள் போகக் கூடாது. வண்டியை விடும்போதே சொல்லிவிடலாம்: ஏர் அடிக்க வேண்டாம், பிரேக் கிளீனரால் நனைத்துத் துணியால் துடைக்கட்டும், டப்பாவின் விலையை பில்லில் சேர்த்துக்கொள்ளட்டும்.