மிருதங்கம் செய்தவர்

1985இல் கே. பாலசந்தரின் ‘சிந்து பைரவி’ வந்தபோது எருத்தேன்பதிப் பக்கத்திலிருந்து பொள்ளாச்சிக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தவர்கள் உண்டு. ஊர் கேரளத்தில் இருந்தாலும் வீட்டில் பேசுவது தமிழ், பார்ப்பதும் தமிழ்ப் படம். அதில் கர்நாடக சங்கீதப் பாடகர் ஜே.கே.பி. இருந்தார், மிருதங்க வித்வானாக டெல்லி கணேஷ் இருந்தார். சாதாரண மக்களுக்குப் புரியும் பாட்டும் வேண்டும் என்று சிந்து என்ற பெண் அந்தப் பாடகரிடம் வாதாடினாள். அந்த மிருதங்கத்தைச் செய்தவர் யார் என்று படம் கேட்கவில்லை, பார்த்தவர்களும் கேட்கவில்லை.

2019 பிப்ரவரியில் ராஜீவ் மேனனின் ‘சர்வம் தாள மயம்’ வந்தது. இதில் கதாநாயகன் பீட்டரே மிருதங்கம் செய்யும் ஜான்சனின் மகன், தலித் கிறிஸ்தவன். விஜய் ரசிகனாகத் திரிந்தவன் மிருதங்க வித்வான் வேம்பு ஐயரின் வாசிப்பில் சொக்கிப்போகிறான். சாதி குறுக்கே நிற்கிறது. குருவின் வீட்டிலிருந்து வெளியேறி, ஊர் ஊராகத் தாளம் தேடி அலைந்து, கடைசியில் மேடை ஏறுகிறான். பிரான்சில் 2022இல் எடுத்த ‘திவெர்திமெந்தோ’ படத்துக்கும் மேடை யாருக்கு என்ற இதே கவலைதான்: அல்ஜீரியக் குடும்பத்தில் பிறந்த ஸஹியா ஸிவானி என்ற பெண், மேற்கத்திய இசைக்குழுவை நடத்தும் கோலைக் கையில் எடுப்பது.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஜான்சன் புதியவரல்லர். மிருதங்கமும் செண்டையும் மத்தளமும் செய்யும் பெருவெம்பு அதிக தூரமில்லை. பலாக்கட்டையைக் குடைந்து, ஆடு, மாடு, எருமைத் தோல்களைப் பதப்படுத்தி, வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், கரணை என்னும் கருவட்டம் வைப்பார்கள். சோற்றோடு ஒருவகைக் கருப்புக் கல்லின் பொடியைப் பிசைந்து சிறிது சிறிதாக அப்பி, வழவழப்பான கல்லால் தேய்க்க வேண்டும். காய்ந்ததும் அடுத்த பூச்சு. எங்கே நிறுத்துவது என்பதைக் காதுதான் சொல்லும். அந்தக் காதுக்கு யாரும் வித்வான் பட்டம் தந்ததில்லை.

மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயருக்கு 1966இல் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. அவருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த தஞ்சாவூர் பர்லாந்துவைப் பெரும்பாலும் வித்வான்களே அறிந்திருந்தார்கள். 2020இல் பாடகர் டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலை எழுதிய பிறகு வெளியுலகில் பலர் அறிந்தார்கள். அந்த நூலை வெளியிட முதலில் அனுமதித்த சென்னைக் கலாக்ஷேத்ரா, பிறகு அரங்கு தர மறுத்ததும் அதே ஆண்டில்தான். பெயர் அச்சில் வந்தது பெரிய லாபம். அரங்கு கிடைக்காதது பழைய வழக்கத்தின் மிச்சம்.

வாத்தியமும் மாறிவிட்டது. அன்று எருமைத்தோல் வாரை இழுத்துக் கட்டினார்கள். இன்று பல மிருதங்கங்களில் நட்டும் போல்ட்டும். செயற்கைத் தோலும் வந்துவிட்டது. வெளிநாட்டுக் கச்சேரிக்குக் கொண்டுபோகிறவருக்கு இது வசதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று வாசிப்பவர் அடிக்கடி செய்தவரின் திண்ணையில் போய் உட்கார வேண்டியிருந்தது. இன்று தோலை இறுக்க ஒரு ஸ்பானர் போதும்.

‘சர்வம் தாள மயம்’ எனக்குப் பிடித்த படம். இருந்தாலும் மகன் மேடைக்குப் போகும் கதையில் அப்பாவின் வேலை பின்னணியாகவே நின்றுவிடுகிறது. அடுத்து யாராவது படம் எடுத்தால் ஜான்சனையே கதாநாயகனாக வைக்கட்டும். கரணை வைப்பதைப் படம்பிடிக்கப் பெருவெம்புக்கு வரட்டும். அங்கே இளையவர்கள் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.