லயத்து அண்மையும் மணத் தேர்வும்: இராகலைத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

மனிதர் ஒருவரையொருவர் விரும்புதற்குரிய காரணங்களை ஆராய்ந்த உளவியலார் பலர் அண்மைக்கே முதலிடம் அளித்தனர். பெஸ்ரிங்கரும் கூட்டாளிகள் இருவரும் 1950இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படையாயிற்று. மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் மாணவர் குடியிருப்பில், ஒரே மாடியின் அடுத்த வீட்டாருள் 41 வீதத்தினர் நண்பராகக் குறிக்கப்பட்டனர். நான்கு வீடு தள்ளியிருந்தோருள் 10 வீதத்தினரே. அடிக்கடி காண்டலே விருப்பை வளர்க்கும் என ஸையன்ஸ் 1968இல் மேலும் விளக்கினார்.

இக்கொள்கை லயங்களுக்கென்றே வகுக்கப்பட்டதோ எனத் தோன்றும். இராகலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிற் பழைய லயங்கள் இன்றும் உள. காம்பராவும் இஸ்தோப்புமாக நெருங்கிய வரிசை. இடையே ஒரு சுவர். பீலிக்கரையிலும் பிரட்டுக்களத்திலும் கொழுந்து மலையிலும் காண்பன அதே முகங்கள்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும். அமெரிக்கக் குடியிருப்பில் யாருக்கு யார் அயலார் என்பது வீடு காலியான வரிசைப்படி தற்செயலாய் நேர்ந்தது. தோட்டத்தில் அவ்வாறன்று. கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் சாதியினரையும் திரட்டி வந்தான். அவர்கள் பெரும்பாலும் சேர்ந்தே குடியமர்ந்தனர். ஆகவே, அண்மை உறவை உண்டாக்கிற்று என்பதினும், உறவே அண்மையை உண்டாக்கிற்று எனல் பொருந்தும். மலையகத் தோட்டங்கள் மூன்றினை ஆராய்ந்து ஜெயராமன் 1975இல் வெளியிட்ட நூல் சாதியின் தொடர்ச்சியையே தலைப்பாகக் கொண்டமை நோக்கத்தக்கது.

இனி, முறை. பெரியப்பன், சித்தப்பன் மக்களும் தாயின் உடன்பிறந்தாள் மக்களும் அண்ணன் தங்கையர். மாமன், அத்தை மக்களே மணத்துக்குரியோர். சுவருக்கு அப்பாலிருப்பவன் 'அண்ணன்' எனின், அண்மை விருப்பை வளர்ப்பதில்லை, தடுக்கிறது. அன்றாடம் காணும் முகத்தை எவ்வாறு அழைப்பது என்பதைக் குழந்தைப் பருவத்திலேயே பெரியோர் தீர்த்துவிடுகின்றனர். சமூகப் பின்னணி, விழுமிய ஒற்றுமை, தேவைகளின் நிரப்புகை எனப் படிப்படியாகத் துணை தெரிவுசெய்யப்படுவதாகக் கேர்க்கொவ், டேவிஸ் ஆகியோரின் 1962ஆம் ஆண்டு ஆய்வை ஒட்டியெழுந்த வடிகட்டற் கொள்கையில் இம்முறைக்கு இடமில்லை.

அரசும் ஒரு வடிகட்டியாயிற்று. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியோராக்கியது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்தன. ஒரே லயத்தில் வளர்ந்தோர் இருவேறு நாட்டவராயினர். எந்நாட்டுப் பிரசை என்பது மணப்பேச்சில் ஒரு வினாவாயிற்று. நாடற்றோராய் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது.

இன்று இளையோர் பலர் கொழும்பின் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் செல்கின்றனர். ஆங்கே அயலார் மீண்டும் தற்செயலாய் வாய்க்கின்றனர். பெஸ்ரிங்கரின் கொள்கை இராகலையில் அன்றி, இராகலையை விட்டு நீங்கியோரிடத்தே பொருந்துகின்றது. அவ்விருப்பத்துக்கு முறைப்பெயர் முன்னரே கிடையாது. செய்தி லயத்தை எட்டும்போது முதலில் எழும் வினா, "என்ன ஆளுங்க?" என்பதே.