டே கேர் ஃபார்ம்: கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி

போன எபிசோட்ல மகப்பேறு விடுப்பு முடிஞ்சு வேலைக்குத் திரும்புறதைப் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த மெயில்கள்ல பாதி ஒரே கேள்விதான். "டே கேர்ல ஆறு பக்கத்துக்கு ஒரு ஃபார்ம் கொடுக்கிறாங்க. தேன் கூடாது, முழு திராட்சை கூடாது, கடலை மிட்டாய் கூடாது, காய்ச்சல்னா வரக்கூடாது, லேட்டா வந்தா ஃபைன். இது குழந்தைக்காகவா, அவங்க வசதிக்காகவா?"

ரெண்டும்தான். எது எதுக்குன்னு தெரிஞ்சா எங்க பேசிப் பார்க்கலாம், எங்க பேசவே கூடாதுன்னு புரியும்.

பேசவே கூடாத விஷயத்துல ஆரம்பிக்கிறேன். ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் கிடையாது. பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்கிற வீடுகள் நம்ம ஊர்ல நிறைய. பாட்டி கோவிச்சுக்குவாங்க. ஆனா தேன்ல சில சமயம் பாட்டுலிசம் நோயை உண்டாக்கற பாக்டீரியாவோட வித்துகள் இருக்கலாம். பெரியவங்க குடல் அதைச் சமாளிச்சிடும், கைக்குழந்தையோட குடல் சமாளிக்காது. காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. அதனால 'பாயசத்துல கொஞ்சம்தானே' என்கிற பேச்சுக்கும் இடமில்லை.

திராட்சையும் அப்படித்தான். அதோட அளவும் வழவழப்பும் ஒரு சின்னக் குழந்தையோட மூச்சுக்குழாயை அடைக்கச் சரியா இருக்கும். நீளவாக்குல நாலா வெட்டிட்டா பிரச்சினை இல்லை. முழுக் கடலை, பாப்கார்ன், பச்சைக் கேரட் துண்டு, கெட்டி முறுக்கு எல்லாமே இந்தக் கணக்குதான். பதினஞ்சு குழந்தைங்க ஒரே நேரத்துல சாப்பிடற இடத்துல ஆயாம்மா ஒருத்தர் எத்தனை வாயைப் பார்க்க முடியும்னு யோசிங்க.

வேர்க்கடலைக்கு இன்னொரு காரணம் அலர்ஜி. உங்க குழந்தைக்கு இல்லாட்டியும் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கு இருக்கலாம். ஆனா இதை வச்சு வீட்லயும் கடலையே கொடுக்காம இருக்கிறது தப்பு. 2015ல லீப் என்ற ஆய்வு வெளியாச்சு. அலர்ஜி வர வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகள்ல, 4 முதல் 11 மாசத்துக்குள்ள கடலை உணவு சாப்பிட ஆரம்பிச்சவங்களுக்கு, தவிர்த்தவங்களை விட கடலை அலர்ஜி ரொம்பக் குறைவா வந்துச்சு. அதனால வீட்ல நைசா அரைச்ச கடலையைக் கூழ்ல கலந்து கொடுக்கலாம். கடுமையான எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு.

இப்போ டிபன் பாக்ஸ். காலையில ஏழு மணிக்குக் கட்டுன சாம்பார் சாதத்தை குழந்தை பன்னிரண்டரைக்குச் சாப்பிடுது. நடுவுல அஞ்சரை மணி நேரம், சென்னை வெயில். வெந்த சாதத்துல பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா பெருகி ஒரு நச்சை விடும். திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நச்சு போகாது. வெதுவெதுப்பா இருக்கிறதுதான் இருக்கிறதுலயே மோசமான நிலை. ஒண்ணு 60 டிகிரிக்கு மேல இருக்கணும், இல்லேன்னா 5 டிகிரிக்குக் கீழ ஃபிரிட்ஜ்ல இருக்கணும். அதனால சேர்க்கப் போறப்போ "சாப்பாடு கொடுப்பீங்களா?"ன்னு கேக்கறதை விட, "டப்பாவை வாங்கி எங்க வைப்பீங்க?"ன்னு கேளுங்க. ஷெல்ஃப்ல வைப்போம்னு சொன்னா, ஹாட் பேக்ல கொதிக்கக் கொதிக்க அனுப்பணும். தேங்காய்ச் சட்னியை மறந்துடுங்க.

தாய்ப்பாலுக்கும் இதே கவனம் வேணும். எடுத்த பால் 25 டிகிரி வரைக்கும்தான் வெளியில நாலு மணி நேரம் தாங்கும். நம்ம ஊர் மே மாசத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஐஸ் பேக் வச்ச பைல கொண்டுபோய் நேரா ஃபிரிட்ஜ். பாட்டில்ல பேரும் தேதியும் எழுதணும். சூடு பண்ண வெந்நீர்ல வச்சாப் போதும், மைக்ரோவேவ் வேண்டாம். அங்கங்க மட்டும் கொதிச்சு குழந்தை வாயைச் சுட்டுடும். குடிச்சு மீந்ததை ரெண்டு மணி நேரத்துக்கு அப்புறம் கொட்டிடணும். மனசு வலிக்கும்தான்.

கிரெஷ் ஆபீஸ்லயே இருந்தா இன்னும் நல்லது. 2017ல மகப்பேறு நலச் சட்டத்துல வந்த திருத்தம், 50 பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்யற இடத்துல கிரெஷ் வசதி இருக்கணும்னு சொல்லுச்சு. அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம்னும் அதுல இருந்துச்சு. ஹெச்ஆர் தானா வந்து சொல்லுவாங்கன்னு காத்திருக்காதீங்க.

அடுத்தது, சாயங்காலம் எல்லாரும் கேக்கற கேள்வி: "இன்னிக்கு எவ்வளவு சாப்பிட்டான்?" வாட்ஸ்அப்ல 'ஃபுல்லா சாப்பிட்டான்'னு வந்தா நிம்மதி, 'அரை இட்லி'ன்னு வந்தா ராத்திரி பூரா குற்ற உணர்ச்சி. இந்தக் கேள்வியே டே கேரைக் கெடுக்குதுன்னு நான் நினைக்கிறேன். அம்மா காலி டப்பாவை எதிர்பார்க்கிறாங்கன்னு தெரிஞ்சதும் அங்க இருக்கிறவங்க மடியில போட்டு ஊட்டுவாங்க, போன்ல வீடியோ போட்டுக் காட்டுவாங்க. அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் இதுக்கு ஒரு பங்கீடு சொல்றாங்க. என்ன, எப்போ, எங்கன்னு முடிவு பண்றது பெரியவங்க வேலை. சாப்பிடலாமா, எவ்வளவுங்கிறது குழந்தையோட வேலை. ஒன்றரை வயசுக் குழந்தை ஒரு நாள் மூணு இட்லியும் மறுநாள் ரெண்டு வாயும் சாப்பிடும், அது இயல்பு. எடையைப் பாருங்க, டப்பாவைப் பார்க்காதீங்க. 'வற்புறுத்தி ஊட்ட மாட்டோம்'னு எழுதியே கொடுக்கிற இடம் கிடைச்சா விட்டுடாதீங்க.

காய்ச்சல் ரூல் சுருக்கமா: 100.4 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினா வீட்லதான். மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லேன்னாதான் திரும்ப அனுப்பணும். காலையில பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிட்டா மத்தியானம் போன் வரும், வாரக் கடைசிக்குள்ள பாதி கிளாஸ் படுத்திருக்கும். லீவு கிடைக்காத அப்பா அம்மாவோட கஷ்டம் புரியுது. அதுக்கு மேனேஜர்கிட்டதான் சண்டை போடணும், டே கேர்ல இல்ல.

கடைசியா, மெயில்ல ஒரு அம்மா எழுதியிருந்தது. "எங்க டே கேர்ல வீட்டு டப்பாவுல கூட முட்டை கூடாதுங்கிறாங்க. ஏன்னு கேட்டா 'பாலிசி மேடம்'ங்கிறாங்க." அவங்க கிச்சன்ல சமைக்க மாட்டோம்னா அது அவங்க விருப்பம். அந்த கிளாஸ்ல முட்டை அலர்ஜி உள்ள குழந்தை இருந்தா அதுவும் நியாயமான காரணம், நானே கொடுத்தனுப்ப மாட்டேன். ரெண்டும் இல்லேன்னா அது ஆரோக்கிய ரூல் இல்ல. நம்ம அங்கன்வாடியில குழந்தைங்களுக்கு அரசாங்கமே முட்டை கொடுக்குது. மூணு வயசுல ஒரு குழந்தை, தன் வீட்டுச் சாப்பாடு மறைச்சு வைக்க வேண்டியதுன்னு கத்துக்கிட்டா, அதை அப்புறம் யார் திருத்துறது? அந்த அம்மாவுக்கு நான் எழுதின பதில் இதுதான்: காரணத்தை எழுத்துல கேளுங்க. அலர்ஜின்னு எழுதிக் கொடுத்தா முட்டையைக் காலையில வீட்ல கொடுத்துட்டு அனுப்புங்க. எழுதித் தர மாட்டோம்னா, அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி பக்கத்துத் தெருவுல இருக்கிற இன்னொரு இடத்தையும் போய்ப் பாருங்க.