ரோட்டுக்கு எண்ணெய் வைக்கிற நாள்

நல்லா இருக்கிற ரோட்டில் காலங்காத்தாலேயே துடைப்பமும் கையுமாக ஒரு கூட்டம் இறங்கினால், அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம் டீக்கடையில் என்ன பேச்சு வரும்? “குண்டும் குழியுமா கிடக்குற ரோட்ட விட்டுட்டு இதப் போயி எதுக்குய்யா கூட்டுறாங்க?” என்றுதான் வரும். நியாயமான கேள்வி. ஆனால் குழி விழாத ரோட்டுக்குத்தான் இந்த வைத்தியம். விழுந்த பிறகு செய்தால் காசுதான் தண்டம்!

வாங்க, கயிறு கட்டி மறித்திருக்கும் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு வருவோம். பழைய செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் நம் கதாநாயகன், கால் இஞ்ச் கருங்கல் சிப்ஸ். அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது. தோண்டினால் சிப்பிப் புதைபடிவமும் சுண்ணாம்புக்கல்லும் கிடைக்கும். சிமென்ட் ஆலைகள் இங்கே வரிசை கட்டி நிற்பது அதனால்தான். ஆனால் லாரிச் சக்கரத்தைத் தாங்க சுண்ணாம்புக்கல் போதாது, கருங்கல் வேண்டும். அது பெரம்பலூர் பக்கத்துக் குவாரிகளில் வெட்டப்பட்டு, கிரஷரில் உடைபட்டு, டிப்பரில் ஏறி வருகிறது. கருங்கல் லாரி இந்தப் பக்கம் வர, சுண்ணாம்புக்கல் லாரி அந்தப் பக்கம் போக, நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறது ரோடு.

இந்த சிப்ஸ் ரோட்டில் உட்காரும் முறையே தனி அழகு. கீழே ஜல்லிப் படுகை, அதன் மேல் 20 மில்லிமீட்டர் தார்க் கலவை, அதற்கும் மேலே சீல் கோட். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு இதற்குக் கணக்கே வைத்திருக்கிறது. ‘ஏ’ ரகம் என்றால் 10 சதுர மீட்டருக்கு 9.8 கிலோ தார், மேலே தூவ 0.09 கன மீட்டர் சிப்ஸ். தார் சூடு ஆறுவதற்குள் தூவ வேண்டும், தூவிய கையோடு ரோலர் ஏற வேண்டும். ரோலர் போகப் போக ஒவ்வொரு கல்லும் புரண்டு, தட்டையான பக்கம் கீழாகப் படுத்துவிடும். மூன்றில் இரண்டு பங்கு தாருக்குள்ளும் மிச்சம் வெளியேயும் இருந்தால் அது சரியான சீல் கோட். வெளியே நீட்டும் அந்த மிச்சம்தான் மழை நாளில் உங்கள் பைக் டயரைப் பிடித்து நிறுத்துகிறது. அடிக்கிற ஒவ்வொரு பிரேக்குக்கும் அந்தக் குட்டிக் கல்லுக்கு ஒரு கும்பிடு போடலாம்!

கல்லுக்கு வில்லன்கள் மூன்று பேர். முதல் வில்லன் வெயில். அது தாரிலுள்ள பசையை வற்ற வைக்கும். கருப்பு சாம்பலாகும், இளகல் போய் முறுகலாகும். இரண்டாவது வில்லன் மழை. முறுகிய தாரில் விழுந்த மயிரிழை விரிசல் வழியே தண்ணீர் இறங்கி, கல்லையும் தாரையும் பிரித்துவிடும். மூன்றாவது வில்லன் பாரம் ஏற்றிய லாரி. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓடவிட்டு ஒரு பெரிய சோதனை நடந்தது. அதில் கிடைத்த கணக்கு இன்றும் பொறியாளர்களை மிரட்டுகிறது: அச்சின் மேல் பாரம் இரண்டு மடங்கானால், ரோட்டுக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. ஒரு சுண்ணாம்புக்கல் லாரி கூடுதல் லோடு அடித்தால் யார் தலையில் விடியும் என்று இப்போது புரியும்.

வளைவில் முதல் கல் பெயரும். பக்கத்துக் கல்லுக்குப் பிடிமானம் போகும், அதுவும் பெயரும். ஓரத்தில் பொடிக்கல் குவிந்து, பைக் சறுக்க ஆரம்பிக்கும். இந்த இடத்தில்தான் துடைப்பக் கூட்டம் மேடையேறுகிறது. இன்றைய வேலையின் பெயர் ஃபாக் ஸ்பிரே. வறண்டு வெளுத்த தலைக்கு எண்ணெய் வைப்பதுதான் இது. கொஞ்சமாக வைத்தால் வேரில் இறங்கும், கொட்டினால் நெற்றியில் வழியும்.

டிரம்மைத் திறந்தால் முதல் ஆச்சரியம்: உள்ளே இருப்பது கருப்பு இல்லை, பழுப்பு! கொதிக்கிற வாடையோ, அடுப்போ, புகையோ எதுவும் இல்லை. இதுதான் எமல்ஷன். தாரை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவுத் துளிகளாக அரைத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டிருக்கிறார்கள். துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அவற்றுக்கு நேர்மின் ஏற்றம் கொடுத்திருப்பார்கள். ஈரக் கருங்கல்லின் மேற்பரப்பில் இருப்பதோ எதிர்மின். மிச்சத்தைச் சொல்லவா வேண்டும்? கல்லைக் கண்டதும் துளி போய் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் கழன்று ஆவியாகும்.

இதை இன்னும் தண்ணீர் கலந்து நீர்க்க வைத்துத் தெளிப்பதும் உண்டு. அங்கே ஒரு சின்ன ரகசியம்: எமல்ஷனில்தான் தண்ணீரை ஊற்ற வேண்டும், தண்ணீரில் எமல்ஷனை ஊற்றக்கூடாது. மாற்றி ஊற்றினால் டிரம்மே திரிந்துபோகும் ஆபத்து உண்டு.

தெளிப்பதற்கு முன்னால் ரோட்டின் பசியை அளக்க வேண்டாமா? சாக்பீஸால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் போடுவார்கள். அதில் நீர்த்த எமல்ஷனை ஒரு லிட்டர் சீராக ஊற்றிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் உறிஞ்சிவிட்டால் ரோடு நிஜமாகவே பசியில் இருக்கிறது. குட்டையாகத் தேங்கி நின்றால், “போதும் சாமி” என்கிறது. அளவைக் குறைக்க வேண்டும். இதற்கும் விவரக்குறிப்பில் வரம்பு உண்டு, சதுர மீட்டருக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. அரை லிட்டர் என்றால் தெளித்த ஈரத்தின் கனமே அரை மில்லிமீட்டர்தான்! 3.75 மீட்டர் அகலமுள்ள ஒரு கிலோமீட்டர் கிராமச் சாலைக்கு 1,875 லிட்டர் போதும். அதே நீளத்துக்குப் புதிதாக ‘ஏ’ ரக சீல் கோட் போட வேண்டுமென்றால், 3,675 கிலோ தாரும் சுமார் 34 கன மீட்டர் சிப்ஸும் ஆகும்.

கூட்டியாச்சு, ஊதித் தூசியை விரட்டியாச்சு. ரோட்டில் ஒரு தட்டு வைத்து, அதன் மேலும் தெளித்து, முன்னும் பின்னும் எடை போட்டு அளவைச் சரிபார்த்தாச்சு. ஸ்பிரேயர் நகர்கிறது, ரோடு பழுப்பாகிறது. இப்போது கண்ணெடுக்காமல் பாருங்கள். ஓரத்திலிருந்து பழுப்பு கருக்க ஆரம்பிக்கும். “உடையுதுங்க” என்பார்கள். தண்ணீரைக் கைவிட்டுத் தார் கல்லோடு சேரும் நேரம் அது. அரியலூர் வெயில், ஜென்ம எதிரி, இன்று மட்டும் கூலி வாங்காத உதவியாள். நிழலில் 10 டிகிரிக்குக் குறைந்தால் தார் வேலை செய்யாதே என்று விவரக்குறிப்பு எச்சரிக்கிறது. கொள்ளிடக் கரைக்காரர்கள் அதைப் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்த ஓரிரு மணி நேரம்தான் உண்மையான சண்டைக் காட்சி. கயிற்றுக்கு அடியில் ஆடு நுழையும். “அண்ணே, ஆஸ்பத்திரிக்கு அவசரம்” என்று பைக் வரும். நெல் காயப்போட ஒரு பெரியம்மா தார்ப்பாயை விரிக்க இடம் பார்ப்பார். “இன்னிக்கு மட்டும் வேணாம் ஆத்தா, நெல்லு பூரா கருப்பாயிடும்” என்று கெஞ்ச வேண்டும். எங்காவது கொஞ்சம் கூடுதலாக விழுந்து பளபளத்தால், உடனே மணலைத் தூவ வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பளபளப்பிலேயே வண்டி வழுக்கும்.

இந்த ஊருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஒரு வேடிக்கையான தொடர்பு உண்டு. பக்கத்து ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் சிலைத் திருட்டு வழக்கு 2008-ல் பதிவானது விக்கிரமங்கலம் காவல் நிலையத்தில்தான். அந்த நடராஜர் கான்பெரா அருங்காட்சியகத்திலிருந்து 2014-ல் நாடு திரும்பினார். அவர் இருந்துவிட்டு வந்த நாட்டில் தார் பூசிய சாலைகளில் பெரும்பகுதி, தாரைத் தெளித்துக் கல்லைத் தூவிய ரகம்தான். மெல்லிய ரோடு என்று யாரும் அங்கே கேவலமாக நினைப்பதில்லை. காலம் தப்பாமல் பராமரித்தே ஓட்டுகிறார்கள்.

நம்மிடம் கருங்கல்லுக்கும் எமல்ஷனுக்கும் பஞ்சமில்லை. பராமரிப்புக்குத்தான் மவுசு இல்லை. இதற்கென்றே தமிழ்நாட்டில் 1997-ல் சுமார் 10,000 சாலைப் பணியாளர்களை வேலைக்கு எடுத்தார்கள். 2002-ல் மொத்தமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். 41 மாதம் கழித்து, 2006-ல்தான் திரும்பக் கூப்பிட்டார்கள். புது ரோடு திறந்தால் ரிப்பனும் கத்தரிக்கோலும் வரும். ஃபாக் ஸ்பிரேக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

அதனால் ஒன்று செய்யுங்கள். உங்கள் தெரு ரோடு வெளுத்திருக்கிறதா, வளைவில் பொடிக்கல் சேர்ந்திருக்கிறதா, ஆனால் இன்னும் குழி விழவில்லையா? சரியான பதம் அதுதான். ஊராட்சிச் சாலையாக இருந்தால் மே 1 கிராம சபையில் எழுந்து, “எங்க ரோடு நல்லாத்தான் இருக்கு, அதனாலதான் மனு கொடுக்குறோம்” என்று சொல்லுங்கள். கூட்டம் சிரிக்கும், சிரிக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த மனு பாஸானால், கார்த்திகையில் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து உங்கள் ரோட்டைத்தான் சுற்றுவழியாகக் கேட்பார்கள்.