ஹெரால்டு வண்டியின் முன்சக்கரம்

பம்பாய்வாழ் நம்மவருக்கு மோட்டார் என்றதும் நினைவுக்கு வருவது கூர்லாவில் பிரீமியர் கம்பெனியார் செய்த பியட் வண்டியே. 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தோடு அது இந்நகரத்து டாக்ஸி வரிசையிலிருந்தும் விடைபெற்றுக்கொண்டது. ஆனால் நம் தாயகத்திலும் ஒரு கார் பிறந்ததுண்டு. 1948இல் மதராஸில் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, 1961 தொடங்கிப் பத்தாண்டுக் காலம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் வண்டியைச் செய்து விற்றது.

இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டே அதற்கு மூலம். அதே வண்டியைத் தழுவி 1962இல் டிரையம்ப் கம்பெனியார் இருவர் மட்டும் அமரும் ஸ்பிட்பயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டனர். முன்சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு இரண்டிலும் ஒரே வகையினதே. ஆதலால் ஹெரால்டைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த நம்மூர் மெக்கானிக்குக்குச் சீமையின் ஸ்போர்ட்ஸ் கார் அந்நியமன்று.

பழைய வண்டிகளைப் புதுப்பித்து வைத்துக்கொள்வது இப்போது செல்வர்களிடையே ஒரு மோகமாகியிருக்கின்றது. மான்குர்த், கோவண்டிப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் உழைக்கும் நம் பிள்ளைகளின் கைக்கும் அத்தகைய வண்டி என்றேனும் வரக்கூடும். அவ்வாறு வந்தால், அவர்கள் அறிந்திருக்கவேண்டிய அபாயம் ஒன்று அதில் ஒளிந்திருக்கின்றது.

சக்கரத்தைத் தாங்கி நிற்பது ஓர் எஃகுத் தண்டு. அதன் மேல்முனையில் பால் ஜாயிண்ட் உண்டு. கீழ்முனையோ மரை வெட்டப்பெற்று, ட்ரன்னியன் எனப்படும் செம்புக்கலப்பு உலோகக் கட்டைக்குள் திருகி நிற்கின்றது. நாம் ஸ்டீரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு இந்த மரையிலேயே சுழல்கின்றது. வண்டியின் முன்பாரத்தைச் சுமந்துகொண்டே சுழல்கின்றது என்பதைக் கவனிக்கவேண்டும். இதற்கு வேண்டியது கெட்டியான கியர் ஆயில். கிரீஸ் அன்று. கிரீஸ் மரையின் இடுக்குகளுக்குள் சரிவரப் பரவாது. நாளடைவில் இறுகி, பின்னர் இடும் ஆயிலையும் உள்ளே விடாது. மழைநீர் புகுந்து துருவேறும். தேய்ந்த தண்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். ஒருநாள் ஸ்டீரிங்கை முழுவதும் ஒடிக்கையில் தண்டு முறிந்து, சக்கரம் வண்டியின் அடியில் மடங்கிவிடும். மெதுவாகச் செல்லும்போது நிகழ்ந்தால் தப்பித்தோம். ஹைவேயில் நிகழ்ந்தால் சொல்ல வேண்டியதில்லை.

சென்ற மழைக்காலம் கழிந்தபின் ஒரு ஞாயிறன்று, ஒர்க்‌ஷாப் நடத்தும் நெல்லை நண்பர் ஒருவர் இவ்வேலையை நமக்குக் காட்டினார். ரயில்வேயில் காகிதம் புரட்டும் நமக்கு அது பெரிய பாடமாக இருந்தது. ஹெரால்டின் பானெட் முழுவதும் முன்புறமாகக் கவிழ்ந்து திறக்கின்றது. மெக்கானிக் டயர்மீதே அமர்ந்து வேலை பார்க்கலாம்! இக்காலத்துக் கார்களில் ஒரு போல்ட்டைத் தொடவே படும் பாட்டை எண்ணினால் பொறாமையாக இருக்கின்றது. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்ஸார்பரையும் ஒன்றாகவே கழற்றி எடுத்தார். அவற்றைப் பிரிக்கும்போது மட்டும் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி இன்றிக் கைவைக்கலாகாது என்று கடிந்து சொன்னார். விட்டுப் பாய்ந்தால் உயிரைக் குடித்துவிடுமாம்.

ட்ரன்னியனைத் திருகி எடுத்தபோது, அடிப்பிடித்த வெல்லப்பாகுபோல் பழைய கிரீஸும் செந்துருவும் வந்தன. தண்டைத் துடைத்து மரையின்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். குழி தட்டுப்பட்டது. பாலிஷ் செய்து மாட்டிவிடலாமா என்று உதவிப் பையன் கேட்டான். நண்பர் பதில் கூறாமல் தண்டைப் பழைய இரும்புக் கூடையில் போட்டார். இவ்விடத்தில் சிக்கனம் பார்ப்பவரை நாம் மெக்கானிக் என்று ஒப்புக்கொள்ளமாட்டோம்.

மான்குர்த்திலிருந்து நான்காவது ஸ்டேஷனான கூர்லாவின் கடைகளில் ரப்பர் புஷ், போல்ட் முதலியவற்றுக்கு அலையலாம். ஆனால் தண்டையும் ட்ரன்னியனையும் புதிதாக வாங்குவதே முறை. இடப்பக்கத்து மரையும் வலப்பக்கத்து மரையும் எதிரெதிரானவை; மாற்றி வாங்கினால் பணம் வீண். கீழ் ஆர்முக்கும் சட்டத்துக்கும் இடையே செருகியுள்ள தகடுகளை எண்ணி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கவேண்டும். சக்கரத்தின் சாய்வு அவற்றைப் பொறுத்தது. ட்ரன்னியனைக் கடைசிவரை திருகியபின் சற்றே பின்வாங்க வைத்து, இருபக்கமும் முழுவதும் திருப்பினாலும் இறுகாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுவதும் முடுக்கலாகாது. சக்கரங்கள் தரையில் நின்று பாரம் ஏறிய பிறகே முடுக்கவேண்டும். இல்லையேல் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழிந்துபோகும்.

எல்லாம் முடிந்தபின் ஆயில். மேல்விளிம்பில் கசியும்வரை ஏற்றினார். இதற்கென்றே ஒரு கிரீஸ் கன்னில் கியர் ஆயிலை நிரப்பி, அதன்மேல் சிவப்புப் பெயிண்டால் "ஹெரால்டு" என்றெழுதி, மற்றக் கன்களோடு கலவாதபடி தனி ஆணியில் மாட்டிவைத்திருக்கின்றார்.