ஆளில்லா விமானத்தில் இரண்டு உயிர்கள்

இரண்டாம் உலகப் போரில், 1944 ஆகஸ்டில், அமெரிக்க விமானப்படை 'ஆப்ரோடைட்டி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. தேய்ந்துபோன பி-17 குண்டுவீச்சு விமானங்களில் சுமார் 9 டன் வெடிமருந்தை நிரப்பி, பின்னால் வரும் இன்னொரு விமானத்திலிருந்து ரேடியோ மூலம் ஓட்டி, பிரான்சிலிருந்த ஜெர்மானியப் பதுங்கு தளங்கள்மீது மோதவிடுவதே நோக்கம். ஆனால் ரேடியோவை நம்பி அந்த விமானத்தைத் தரையிலிருந்து கிளப்ப முடியவில்லை. எனவே இருவர் அதை மேலே ஏற்றி, வெடிமருந்தை முடுக்கிவிட்டு, பாராசூட்டில் குதிக்க வேண்டியிருந்தது. இதை ஆளில்லா ஆயுதம் என்று எப்படிச் சொல்வது?

வழக்கமாக 10 பேர் போகும் விமானத்தில் 2 பேர்தானே, எட்டு உயிர்கள் மிச்சம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இருவரும் முடுக்கிய வெடிமருந்தோடு தாழப் பறந்தார்கள். முதல் நாளிலேயே ஒரு விமானி இறந்தார். ஆகஸ்ட் 12 அன்று, கடற்படையின் இதேபோன்ற விமானம் இங்கிலாந்து வானிலேயே வெடித்தது. பின்னாளில் அதிபரான ஜான் கென்னடியின் அண்ணன் ஜோசப் கென்னடியும் உடன் சென்றவரும் மாண்டார்கள். புதிய தொழில்நுட்பம் தடுமாறத்தானே செய்யும் என்பார்கள். தடுமாற்றத்தைப் பொறுக்கலாம், ஆனால் ஜோசப்பின் இலக்கான மிமோயெக் தளத்தை, ஜூலை 6 அன்றே பிரிட்டிஷ் விமானங்கள் 'டால்பாய்' குண்டுகளால் முடக்கியிருந்தன. அது நேச நாடுகளுக்கு அப்போது தெரியவில்லை. குறித்த இலக்கு எதையும் தகர்க்காமலேயே 1945 ஜனவரியில் திட்டம் நின்றது.